61 வயதில் ஃப்ரீஸ்டைல் நீச்சல்: 50 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது, எதை மாற்ற வேண்டும்?

கிணற்றுமீன்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 61, ஊர் கோபி பக்கம். ஏழு வயதில் மாமா என் முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து நீச்சல் தெரியும். கோடை விடுமுறை முழுக்கக் கிணற்றில்தான் கிடப்போம். அப்புறம் வேலை, குடும்பம் என்று முப்பத்தைந்து வருடம் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஓய்வு பெற்று சென்னைக்கு மகன் வீட்டுக்கு வந்த பிறகு, முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள 25 மீட்டர் குளத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

முதல் 25 மீட்டர் சரியாகப் போகிறது. திரும்பி வரும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. 50 மீட்டர் முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. உடம்பில் தெம்பு இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், போன தைப்பூசத்துக்குச் சென்னிமலை 1320 படியும் ஏறினேன். இதயப் பரிசோதனையும் செய்து பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து லேனில் எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா அவசரமே இல்லாமல் பத்து சுற்று நீந்திவிட்டு, சுவரைத் தொட்டதும் சாதாரணமாகப் பேசுகிறார். அவரிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன? இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியுமா?

குளக்கரை கோச்:
ஐயா, இருபது வருடமாகப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கண்டிப்பாக மாற்ற முடியும். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். நீந்தும்போது எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரிகிறதா? ஒரு நீளத்துக்கு எத்தனை கை போடுகிறீர்கள்? முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை என்ன செய்கிறீர்கள்?

கிணற்றுமீன்:
எதிர்ச்சுவர் நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டேதான் போவேன். இன்று எண்ணிப் பார்த்தேன், 31 கை. மூச்சு... உள்ளே அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். தலையைத் திருப்பும்போது விட்டு, உடனே இழுப்பேன்.

குளக்கரை கோச்:
நினைத்த மாதிரியேதான். கிணற்றில் பழகிய எல்லோருக்கும் இது இருக்கும். கிணற்றில் தலையைத் தூக்கி நீந்துவது தவறே கிடையாது. மேலிருந்து எவன் குதிக்கிறான், படி எந்தப் பக்கம் என்று பார்த்தாக வேண்டும். நாலு கை போட்டால் அக்கரை. அந்த இடத்துக்கு அது சரியான நீச்சல். 25 மீட்டருக்கு அது ஆகாது.

உங்கள் பக்கத்தில் ஏற்றம் இறைப்பதைச் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். துலாவின் ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். தண்ணீரில் உங்கள் உடம்பும் அப்படித்தான். நடுவில் தாங்கும் கால் உங்கள் நுரையீரல், காற்று நிறைந்து மிதக்கிற பகுதி அதுதான். தலையை நாலு விரல்கடை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும். பிறகு நீங்கள் நீந்துவது படுத்த நிலையில் இல்லை, சாய்ந்த நிலையில். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் தொடையையும் வயிற்றையும் பலகை மாதிரி நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். வேகத்தை இரண்டு மடங்காக்கப் பார்த்தால் தடை நாலு மடங்காகும். அதனால் பலம் போட்டு இதை ஜெயிக்க முடியாது. தடையைக் குறைப்பதுதான் வழி. அந்த அம்மாவிடம் இருப்பது அதுதான்.

இன்னொன்று மூச்சு. உங்களுக்கு மூச்சு முட்டுவது காற்று போதாமல் இல்லை. உள்ளே இருக்கும் கரியமிலவாயு வெளியே போகாமல் சேர்வதால்தான். தலை திருப்புகிற அரை நொடியில் பழையதை விட்டுப் புதியதை இழுக்க நேரம் போதாது. பாதி விட்டு, பாதி இழுப்பீர்கள். எட்டுப் பத்து முறை அப்படிச் செய்தால் நெஞ்சு அடைக்கும். முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்கக் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தலை திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை.

ஒரு வாரம் நீளம் நீந்தவே வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில் சுவரைப் பிடித்து முங்கி, மூக்கு வழியாக மெதுவாக விட்டு, மேலே வந்து வாயால் ஒரே இழுப்பு. இருபது முறை. அப்புறம் சுவரை உதைத்து, இரண்டு கையும் முன்னால் நீட்டி, கண் நேராகத் தரையைப் பார்க்க, சும்மா மிதந்து போங்கள். பின்னந்தலையில் காற்றுப் படுவது தெரிய வேண்டும். குதிகால் மேலே வந்துவிட்டதா என்று கவனியுங்கள்.

தினம் ஆயிரம்:
என் அனுபவம் வேறு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். நான் 54 வயதில் தொடங்கி, எப்படியாவது தினமும் ஒரு கிலோமீட்டர் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். நின்று நின்றுதான் போனேன். ஆறு மாதத்தில் மூச்சு தானாகப் பழகிவிட்டது. நீந்த நீந்தத்தான் நீச்சல் வரும் ஐயா.

குளக்கரை கோச்:
உங்கள் விடாமுயற்சிக்கு என் மரியாதை. ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு 31 கை வீதம் கணக்குப் போடுங்கள், 1240 கை வருகிறது. அத்தனையும் தவறான கையாக இருந்தால், ஒரு நாளைக்கு 1240 முறை தவறை உடம்பில் பதிய வைக்கிறோம். முப்பது வயதில் தோள் அதைத் தாங்கும். அறுபதில் தாங்காது. களைத்த பிறகு யாருக்கும் நீந்தும் முறை கெடும். அதனால் பெரியவர்களுக்கு நான் சொல்வது 25 மீட்டர் மட்டும், அப்புறம் அரை நிமிட ஓய்வு. எட்டு முறை. நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

தினம் ஆயிரம்:
தோள் விஷயம் சரிதான். எனக்கு இடது தோளில் ஒரு வருடம் வலி இருந்தது, நீச்சலால் வந்தது என்று அப்போது தோன்றவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

சேலம் பிசியோ:
அந்த இரவு வலியைக் கேட்டதும் எழுதத் தோன்றியது. நான் பிசியோதெரபிஸ்ட். நீந்தும் பெரியவர்கள் பலர் இதே வலியோடு வருகிறார்கள். கையை மேலே தூக்கும்போது தோள் எலும்புக்கு அடியில் தசைநாண்கள் நசுங்குகின்றன. வயது ஆக ஆக அந்தத் தசைநாண்கள் தேய்ந்திருக்கும். அவற்றை நசுக்கும் மூன்று பழக்கங்கள் உண்டு.

முதலாவது, கட்டைவிரல் முதலில் தண்ணீரில் இறங்குவது. பழைய காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இன்னும் பலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் கை உள்பக்கம் முறுக்கிக்கொண்டு இறங்கும். உள்ளங்கை தரையைப் பார்க்க, நடுவிரல் நுனி முதலில் இறங்கட்டும். இரண்டாவது, கை தலைக்கு நேரே குறுக்கே போவது. வலது கை வலது தோளுக்கு நேராகத்தான் இறங்க வேண்டும், ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கைக்கும் தனித்தனிப் பாதை. மூன்றாவது, உடம்பைத் தட்டையாக வைத்துக்கொண்டு கையை மட்டும் சுழற்றுவது. உடம்பு ஒரு பக்கமாகக் கொஞ்சம் உருண்டால் கை தானாக வெளியே வரும், தோளுக்கு வேலையே இல்லை.

கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் கழுத்தை மட்டும் திருப்பிக் காற்றை இழுக்க வேண்டாம். உடம்போடு சேர்ந்து தலை உருளட்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள், மறுபக்கம் வெளியே இருந்தால் போதும். தலைக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும்பி, வாய்க்குப் பக்கத்தில் பள்ளம் விழும். காற்று அங்கே இருக்கிறது, தலையைத் தூக்கித் தேட வேண்டியதில்லை.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ரப்பர் பட்டையை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி 15 முறை செய்யுங்கள். கைக்கு மாட்டும் பேடில்களைத் தோள் பலப்படும்வரை தொடாதீர்கள். இரவு வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் இழையில் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வைகைக்கரை அம்மா:
நான் மதுரை. 52 வயதில்தான் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கினேன், பெண்களுக்கான தனி நேரத்தில். அதற்கு முன் கிணறும் தெரியாது, ஆறும் தெரியாது. கிணற்றுமீன் அண்ணனுக்கு நீச்சலை மறக்க வேண்டிய சிரமம், எனக்குப் பயத்தை மறக்க வேண்டிய சிரமம்.

மூச்சு விடுவது எனக்கு மூன்று மாதம் வரவே இல்லை. எல்லோரும் 'குமிழி விடுங்க' என்பார்கள். நான் முழுக் காற்றையும் ஒரே நொடியில் பஸ்ஸென்று விட்டுவிட்டு, அடுத்த நொடியே பதறுவேன். ஒரு நாள் என்னோடு நீந்தும் பாட்டு டீச்சர் ஒருவர், 'தண்ணிக்குள்ள ம்ம்ம்னு சுருதி பிடிங்க' என்றார். அவ்வளவுதான். ம்ம்ம் என்று முனகும்போது வாய் மூடியிருக்கும், மூக்கு வழியாகக் காற்று நூல் மாதிரி சீராகப் போகும், அவசரமாக விடவே முடியாது. தொண்டையில் நடுக்கம் வந்தால் பதற்றமாக இருக்கிறோம் என்பதும் காதில் கேட்கும். இன்றுவரை முதல் இரண்டு நீளம் முனகிக்கொண்டுதான் போகிறேன். அண்ணன் இதைச் செய்து பாருங்கள்.

வல்வைக் கடல்:
வணக்கம் அண்ணை. நான் வல்வெட்டித்துறை, இப்ப டொரோண்டோவில இருக்கிறன். வயது 58. எங்கட ஊரில குமார் ஆனந்தன் பேரைச் சொல்லாமல் நீச்சலைப் பற்றிக் கதைக்க ஏலாது. பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்தவர். சின்னனில நாங்கள் எல்லாரும் அவரை நினைச்சுத்தான் கடலில குதிக்கிறது.

நான் சொல்ல வாறது கால் விசயம். கடலில உப்பு இருக்கிறதால கால் தானாக மிதக்கும். இங்க குளத்தில இறங்கின முதல் நாள் என்ர கால் கல்லு மாதிரிக் கீழ போச்சு. நான் செய்த பிழை, அதைத் தூக்கி நிறுத்த வேகமா உதைச்சது. தொடைத் தசை பெரிய தசை, அது உதைக்க உதைக்க மூச்செல்லாத்தையும் குடிச்சுப் போடும். அண்ணைக்கு ரெண்டாவது நீளத்தில மூச்சு முட்டுறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முழங்காலை மடிச்சுச் சைக்கிள் ஓட்டுற மாதிரி உதைக்கிறியளோ எண்டு பாருங்கோ. அப்பிடி எண்டால் அது முன்னுக்குத் தள்ளாது, பிரேக் பிடிக்கும். இடுப்பிலயிருந்து சின்ன உதை, பாதம் தண்ணிக்கு வெளிய வரக்கூடாது. ஒரு கைக்கு ஒரு உதை காணும். நீண்ட தூரம் போறவை கனபேர் அப்பிடித்தான் நீந்துகினம்.

கணுக்கால் இறுகிப் போனால் பாதம் கொக்கி மாதிரித் தண்ணியை இழுக்கும். நான் ராத்திரி ரீவி பாக்கேக்க குதிகாலில குந்தியிருந்து கணுக்காலை நீட்டுவன். உங்களுக்கு முழங்கால் நோ எண்டபடியால் குந்த வேண்டாம், கதிரையில இருந்துகொண்டு கையால பாதத்தை நீட்டி விடுங்கோ.

கிணற்றுமீன்:
எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் உதை என்று வல்வைத் தம்பி சொன்னதைப் படித்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னேன். அப்படியே இருக்கிறது. முழங்கால் வயிற்றுப் பக்கம் வந்து வந்து போகிறது. வலது கை தலைக்குக் குறுக்கே போய் இடது பக்கம் இறங்குகிறது. நான் நேராக இறக்குவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறேன். கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டு நீந்தலாமா?

சேலம் பிசியோ:
நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். தண்ணீரின் அழுத்தம் கை கால்களில் இருக்கும் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதால், அதே உழைப்புக்குத் தரையில் இருப்பதைவிடத் தண்ணீரில் துடிப்பு குறைவாகக் காட்டும். அழுத்த மாத்திரைகளில் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை இருந்தால் இன்னும் குறைவாகக் காட்டும். சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். அது போதும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்கவே கூடாது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, கை நடுக்கமும் தெரியாது. கரையில் குளுக்கோஸ் வைத்திருங்கள், லைஃப்கார்டிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நெஞ்சில் பாரம், தலைசுற்றல், கைக்கு இறங்கும் வலி எது வந்தாலும் அன்றைக்கு நீச்சல் முடிந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் சுவரைப் பிடித்து, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள்.

அப்புறம், நடையை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு நல்லது, ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு வேலை கிடைக்காது.

தினம் ஆயிரம்:
கோச் சார் சொன்னபடி ஒரு வாரம் 25 மீட்டர் வீதம் மட்டும் நீந்தினேன். முதல் மூன்று நாள் மனசே ஆறவில்லை, வந்த வேலையை முடிக்காமல் போகிற மாதிரி இருந்தது. நான்காம் நாள்தான் இடது கை எங்கே இறங்குகிறது என்பதே எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் தூரத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கேள்வி: கை எண்ணிக்கையை எவ்வளவுக்குக் குறைக்கலாம்?

குளக்கரை கோச்:
இதைக் கேட்டது ரொம்ப மகிழ்ச்சி. எண்ணிக்கையில் ஒரு ஆபத்து உண்டு. குறைக்க வேண்டும் என்ற ஆசையில் கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சறுக்கிக்கொண்டே இருந்தால், வேகம் செத்துப்போகும். நின்ற வண்டியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் எண்ணிக்கையையும் நொடியையும் கூட்டிப் பாருங்கள். 25 மீட்டருக்கு 28 கை, 35 நொடி என்றால் 63. அடுத்த மாதம் அந்தக் கூட்டுத்தொகை குறைந்தால் முன்னேற்றம். கை குறைந்து நொடி ஏறினால் முன்னேற்றம் இல்லை. அடுத்தவர் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டாம், உயரத்தையும் கை நீளத்தையும் பொறுத்து மாறும்.

கை தண்ணீரைப் பிடிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பலர் உள்ளங்கையால் தண்ணீரைக் கீழே அமுக்குகிறார்கள். அமுக்கினால் உடம்பு மேலே எழும்பும், முன்னால் போகாது. கை முன்னால் நீண்டதும் முழங்கை மேலேயே இருக்க, விரல்கள் தரையைப் பார்க்கட்டும். நெற்குதிர் மேல் கையைப் போட்டு அணைத்துப் பின்னால் தள்ளுவது போல. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே துடுப்பு. அதைப் பழக, இரண்டு நீளம் விரலை மடக்கிக் குத்துக்கையாக நீந்துங்கள். உள்ளங்கை இல்லாதபோது முன்கை தானாகத் தண்ணீரைத் தேடும். மூன்றாவது நீளத்தில் விரலைத் திறந்தால் கையில் முறத்தைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

கிணற்றுமீன்:
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதல் இரண்டு வாரம் முங்குவதும் மிதப்பதும் மட்டும்தான். ம்ம்ம் முனகல் எனக்கு நான்காம் நாளே பிடிபட்டுவிட்டது, வைகைக்கரைத் தங்கைக்குக் கோடி நன்றி. தலையை இறக்குவதுதான் கடினமாக இருந்தது. எதிர்ச்சுவர் தெரியாவிட்டால் மோதிவிடுவோம் என்று கழுத்து தானாக நிமிரும். பிறகு தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோடு சுவருக்கு முன்பே முடிந்து குறுக்குக்கோடாக மாறுவதைக் கவனித்தேன். அது தெரிந்ததும் ஒரு கை போட்டால் சுவர். அதற்கப்புறம் கழுத்து அமைதியாகிவிட்டது.

31 கை இப்போது 24. போன வெள்ளிக்கிழமை காலை நிற்காமல் 200 மீட்டர். முடித்துச் சுவரைத் தொட்டு, பக்கத்து லேன் அம்மாவிடம், 'இன்னைக்குத் தண்ணி சில்லுன்னு இருக்குதுங்க' என்றேன். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. அவரும் ஆமாம் என்றுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

இப்போது புதுச் சிக்கல். வலது பக்கம் காற்றை இழுக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரி விரிகின்றன. பேரன் எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

குளக்கரை கோச்:
200 மீட்டர்! ரொம்ப சந்தோஷம் ஐயா. கால் விரிவது காலின் தவறு இல்லை. காற்றை இழுக்கும் நேரத்தில் உங்கள் இடது கை முன்னால் நிற்காமல் கீழே சரிகிறது, அல்லது நடுக்கோட்டைத் தாண்டுகிறது. பிடிமானம் போனதும் உடம்பு விழப்போகிறது, கால் விரிந்து தாங்குகிறது. தடுமாறினால் கையை விரிப்போமே, அதேதான். இடது கையை நீட்டி ஒருக்களித்து, ஆறு உதை, பிறகு ஒரு கை மாற்றி மறுபக்கம் ஆறு உதை. காலில் ஃபின்ஸ் (துடுப்பு மாதிரியான ரப்பர் காலணி) போட்டுக்கொண்டு செய்தால் எளிது. வாய்க்குள் காற்று வரும்வரை முன்னால் நீட்டிய கை அசையக்கூடாது. அதை மட்டும் பாருங்கள்.

வல்வைக் கடல்:
அண்ணை, கேக்கவே சந்தோசமா இருக்கு. ஜார்ஜ் கொரோன்ஸ் எண்டு ஆஸ்திரேலியாவில ஒருத்தர், 80 வயதில திரும்ப நீந்தத் தொடங்கி, 2018-ல 100 முதல் 104 வயசுப் பிரிவில 50 மீட்டரை 56.12 செக்கனில முடிச்சவர். மாஸ்டர்ஸ் எண்ட வயது வந்தவைக்கான போட்டியில அஞ்சு வயசுக்கு ஒரு பிரிவு. நீங்கள் 60-64-ல இப்பதான் நுழைஞ்சிருக்கிறியள்.

முதல் படி:
இழை முழுவதும் படித்தேன். எனக்கு 66, பெண், திருச்சி. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஃப்ரீஸ்டைல் ஆசை வந்துவிட்டது. முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே பயம். எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை அம்மா:
அக்கா, வீட்டிலிருந்தே தொடங்கலாம். அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை வைத்து ம்ம்ம். முதல் நாள் மூன்று எண்ணும்வரை போதும். கண்ணில் தண்ணீர் படுவது பயமாக இருந்தால் காகிள்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். பட்டையை இறுக்க வேண்டாம், கண்ணில் வைத்து அழுத்தினால் பட்டை இல்லாமலே இரண்டு நொடி ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் சரியான அளவு. பத்து நாள் கழித்துப் பெண்கள் நேரத்தில் ஆழம் குறைந்த பக்கம் இறங்கி, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். உடைக்குக் கூச்சம் வேண்டாம், முழுக்கை முழுக்கால் நீச்சல் உடை கிடைக்கிறது, நானும் அதுதான் போடுகிறேன். பருத்திச் சுடிதாரோடு மட்டும் இறங்காதீர்கள், தண்ணீர் குடித்துக் கனத்து இழுக்கும். பாத்திரத்தில் எத்தனை எண்ணினீர்கள் என்று நாளைக்கு இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.